லுவோ ஷியாவ்ஹேயைத் தொடரிலிருந்து தொடங்குங்கள்

சீன அனிமேஷன் என்றாலே இப்போது எல்லோரும் நேஜா என்ற புராணச் சிறுவனின் படத்தைத்தான் பேசுகிறார்கள். 2025 ஜனவரி கடைசியில் வந்த அதன் இரண்டாம் பாகம் 1,500 கோடி யுவானுக்கு மேல் வசூலித்தது, பேசாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதே ஆண்டு ஜூலை 18 அன்று லுவோ ஷியாவ்ஹே என்ற கறுப்புப் பூனையை வைத்து இணையத் தொடராகத் தொடங்கிய கதையின் இரண்டாவது படமும் அங்கே வெளியானது. அதைப் பற்றி நம் ஆட்கள் எழுதிய நாலைந்து பதிவுகளைப் படித்தேன். எல்லாவற்றிலும் சண்டைக் காட்சிகளைப் பற்றிய புகழ்ச்சி. கடைசியில் ஒரு வரி, ‘முதலில் 2019இல் வந்த படத்தைப் பாருங்கள், இணையத் தொடரை விட்டுவிடலாம், அதில் ஒன்றும் நடக்காது’ என்று.

இதை மறுத்து எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்த ஒன்றும் நடக்காத தொடர்தான் எனக்கு இந்த மொத்தக் கதையின் உயிர். படங்கள் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் தொடரைப் பார்க்காமல் படத்துக்குப் போகிறவர்களுக்கு, அந்தச் சண்டைகள் எல்லாம் எதற்காக நடக்கின்றன என்பது பாதிதான் புரியும்.

முதல் அத்தியாயம் 2011 மார்ச் 17 அன்று இணையத்தில் வந்தது. எம்டிஜேஜே என்ற புனைபெயரில் இயங்கும் ஓவியர், ஆரம்ப அத்தியாயங்களை ஏறக்குறைய தனியாளாக வரைந்து முடித்தார். ஒரு அத்தியாயம் ஐந்து நிமிடம், சில நேரம் அதற்குக் கொஞ்சம் மேலே. அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாற்பது அத்தியாயங்களைத் தொடவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. இவ்வளவு பொறுமையாக ஒரு ரசிகர் கூட்டம் ஒரு பூனைக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது என்றால், அங்கே ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கதையைச் சொல்லிவிடுகிறேன், ரொம்பச் சின்னது. ஷியாவ்ஹே ஒரு பூனை உருவத்தில் திரியும் அமானுஷ்யப் பிறவி. அடிபட்டு, தெருவோரத்தில் மழையில் நனைந்து கிடக்கிறான். ஷியாவ்பாய் என்ற சிறுமி அவனைப் பார்க்கிறாள், தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அவ்வளவுதான். அந்தக் காட்சியை ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பூனையின் உடம்பு முழுக்க ஒரே கறுப்பு, நிழலோ முடியோ எதுவும் வரையப்படவில்லை. அந்தக் கறுப்புக்குள் இரண்டு பெரிய கண்கள் மட்டும். வலி, பயம், சந்தேகம் மூன்றையும் அந்தக் கண்களின் அளவை மட்டும் மாற்றிக் காட்டிவிடுகிறார். கையில் பணமும் ஆளும் இல்லாத ஒருவர் கண்டுபிடித்த வழி இது. பின்னாளில் பெரிய ஸ்டூடியோ, திரைப்படம் என்று வளர்ந்த பிறகும் அந்தக் கண்களை அவர் மாற்றவில்லை.

ஷியாவ்பாயின் குடும்பப் பெயர் லுவோ. வீட்டுக்கு வந்த பூனைக்கும் அவள் அதையே வைத்துவிடுகிறாள். சீனாவில் குடும்பப் பெயர் என்பது சாதாரண விஷயம் இல்லை. முன்னோர் பட்டியல், குலக்கோயில், சொத்து என்று எல்லாம் அதைத் தொட்டுத்தான் வரும். தொடருக்கு நான்கு ஆண்டுகள் முந்தைய கதையைச் சொல்லும் 2019 படத்தில் அவன் வெறும் ஷியாவ்ஹே மட்டும்தான். காடு போய், ஊர் போய், எவரையும் நம்ப முடியாமல் அலையும் ஒருவன். லுவோ என்ற பெயர் இன்னும் அவனுக்கு வந்து சேரவில்லை. தொடரைப் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போகிறவர்களுக்கு இது ஒவ்வொரு காட்சியிலும் உறுத்தும். இந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு காத்திருக்கிறது, அது இன்னும் அவனுக்குத் தெரியாது என்ற நினைப்போடு பார்ப்போம். படத்தை முதலில் பார்த்தால் இது கிடைக்காது.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது? சாப்பிடுகிறார்கள். விடுமுறைக்குத் தாத்தா ஊருக்குப் போகிறார்கள். ஆகென் என்று அண்ணன் முறையில் ஒரு பையன் அங்கே இருக்கிறான், அவனுக்கு இந்த அமானுஷ்ய உலகத்தின் விவரம் தெரியும், ஆனால் ஊரைக் கூட்டவில்லை. ஷியாவ்ஹேயின் வாலிலிருந்து பிரிந்து வரும் ஹேஷியூ என்ற கறுப்பு உருண்டைகள் வீட்டுக்குள் துள்ளித் திரிகின்றன. தங்கள் பெயரைத் தவிர வேறெதுவும் அவற்றுக்குப் பேசத் தெரியாது. ஒரு உருண்டை ‘ஹேஷியூ’ என்று சொல்லித் தலையாட்டினால் சிரிக்காமல் இருக்க முடியாது. இணைய விளையாட்டுக்குள் நடக்கும் பகுதி ஒன்று வரும், அது மட்டும் தேவைக்கு மேல் நீள்கிறது என்பது என் அபிப்பிராயம். அந்த இடத்தில் அலுத்துப்போய் நிறுத்திவிடாதீர்கள்.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான். மனிதரல்லாத ஒன்று மனிதர் வீட்டுக்குள் வந்து தங்குவது சீனக் கதை மரபில் ரொம்பப் பழையது. அந்தக் கதைகள் எப்படி முடியும் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சிங் வம்சக் காலத்தில் பூ சோங்லிங் என்பவர் ஷான்டோங் பகுதியில் உட்கார்ந்துகொண்டு ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான விசித்திரக் கதைகளை எழுதினார். நரி பெண்ணாகி வீட்டுக்கு வருவதும், ஒருநாள் விஷயம் தெரிந்து போவதும், பிரிவதும் அவற்றில் திரும்பத் திரும்ப வரும். சில கதைகளில் அவள் நல்லவள், சேர்ந்து வாழவும் செய்கிறாள், ஆனாலும் வாசலில் ஒரு சந்தேகம் நின்றுகொண்டே இருக்கும்.

வெள்ளைப் பாம்பின் கதை இன்னும் கொடூரம். பெண்ணாக மாறி, மனிதனைக் கட்டிக்கொண்டு, மருந்துக்கடை நடத்தி நிம்மதியாக வாழ்ந்தவளை, ஃபாஹாய் என்ற துறவி வந்து பிடித்து, ஹாங்ஜோவில் மேற்கு ஏரிக்கரையில் உள்ள லேய்ஃபெங் கோபுரத்துக்கு அடியில் அடைத்துவிடுவார். அவள் செய்த குற்றம் ஒன்றுமில்லை, மனிதப் பிறவி இல்லாமல் போனது மட்டும்தான். அந்தக் கோபுரம் 1924 செப்டம்பரில் நிஜமாகவே இடிந்து விழுந்தது. சின்ன வயதில் பாட்டியிடம் இந்தக் கதையைக் கேட்டு, கோபுரம் எப்போது விழும் என்று ஏங்கியதாகவும், விழுந்தது சந்தோஷமே என்றும் லூ சுன் ஒரு கட்டுரை எழுதினார். சீன நவீன இலக்கியத்தின் தலைமகன் என்று கொண்டாடப்படும் மனிதர், பாம்பின் பக்கம் நின்றார். (2002இல் கோபுரத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். இப்போது நல்ல சுற்றுலாத் தலம்.)

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் ஷியாவ்பாயின் வீடு எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். இங்கே விசாரணை கிடையாது. வேஷம் கலைந்துவிடுமோ என்ற பதற்றமும் இல்லை, விரட்ட வரும் துறவியும் இல்லை. வந்தவன் இருக்கட்டும், அவ்வளவுதான். நூற்றாண்டுகளாகக் கோபுரத்துக்கு அடியில் போய் முடிந்த ஒரு கதையை, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார் எம்டிஜேஜே. இதை ஒன்றுமே நடக்காத தொடர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சீனாவில் இப்படிப்பட்ட தொடர் இது ஒன்று மட்டும் இல்லை. ஃபெய்ரென்ஜாய் என்று 2018இல் ஒரு சிறு தொடர் வந்தது, சித்திரக்கதையிலிருந்து எடுத்தது. ஒன்பது வால் நரி ஆபீஸ் போகிறாள், டிராகன் அரசரின் மகன் அவளுக்கு நண்பன், கருணைத் தெய்வமான குவான்யினும் நேஜாவும் வந்து போகிறார்கள். சிரித்துக்கொண்டே பார்க்கலாம், ஒரு அத்தியாயத்துக்குச் சில நிமிடங்கள்தான். ஆனால் அதில் எல்லோருமே ஏற்கெனவே ஊருக்குள் செட்டில் ஆனவர்கள். ஷியாவ்ஹே வழியில் இருப்பவன், அதனால்தான் என் மனசு அவன் பக்கம் போகிறது.

இன்னொரு விஷயம். 2011ஆம் ஆண்டு இறுதிக் கணக்கின்படி, வரலாற்றில் முதல் முறையாகச் சீனாவில் நகரவாசிகள் கிராமத்தாரை மிஞ்சினார்கள், 51.27 சதவீதம். அந்த ஆண்டுதான் இந்தத் தொடர் தொடங்கியது. எம்டிஜேஜே திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தின் மூச்சு கதைக்குள் இருக்கிறது. 2019 படத்தின் தொடக்கத்தில் ஷியாவ்ஹே வாழ்ந்த காடு அழிக்கப்படுகிறது. பிழைக்க நகரத்துக்கு வருகிறான், சந்தில் திருடித் தின்கிறான், அடி வாங்குகிறான். ஃபெங்ஷி என்ற மரசக்தி கொண்டவன் வந்து காப்பாற்றி, தன் தீவுக்கு அழைத்துப்போய், இனி இதுதான் உன் வீடு என்கிறான். அடுத்த நாளே அந்த வீடும் கலைகிறது.

ஃபெங்ஷியைப் பிடித்துப்போக வருபவன் வூஷியான். மனிதன், ஆனால் நானூறு வயதைத் தாண்டியவன். அமானுஷ்யர்களின் சங்கத்துக்காக வேலை செய்பவன். ஃபெங்ஷி தப்பிவிட, கடலில் ஒரு தெப்பத்தில் இவனும் கையில் சிக்கிய ஷியாவ்ஹேயும் மட்டும் பயணம் போகும் பகுதிதான் மொத்தப் படத்திலும் எனக்குப் பிடித்தது. பையன் தப்பிக்கப் பார்ப்பான், முடியாது. மறுபடி பார்ப்பான், மறுபடியும் முடியாது. வூஷியான் முகத்தில் ஒரு கோடுகூட அசையாது. சமையல் மட்டும் அந்த நானூறு வருஷத்தில் வரவே இல்லை. அவன் சுட்டுக் கொடுப்பதை வாயில் வைத்ததும் பையனின் முகம் போகும் போக்கு இருக்கிறதே! விரோதியின் கையால் சாப்பிட வேண்டியிருக்கிறது என்பதைவிட, விரோதிக்குச் சமைக்கவே தெரியவில்லை என்பது அவனுக்குப் பெரிய கவலையாகிவிடுகிறது. அந்த இடத்திலேயே உறவு தொடங்கிவிடுகிறது. இருவருக்கும் அது தெரிவதற்குள் பாதிப் படம் ஓடிவிடும். தொடரின் வீட்டில் இருக்கும் அதே அன்றாடம்தான் இந்தத் தெப்பத்திலும் இருக்கிறது. சண்டைக்காகப் பார்ப்பவர்கள் இந்தப் பகுதியை மெதுவாகப் போகிறது என்கிறார்கள், எனக்கு அது தாங்கவில்லை.

ஃபெங்ஷியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்னும் படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். நகரத்தை மனிதரிடமிருந்து பிடுங்க முயன்று தோற்ற பின், சிறைக்குப் போக மறுத்து, நகரத்தின் நடுவிலேயே ஒரு பிரம்மாண்டமான மரமாகிவிடுகிறான். இதை வெட்டிவிடுவார்களா என்று நிற்பவர்களில் ஒருவர் கேட்க, வெட்டலாம், அல்லது பூங்காவாக்கி டிக்கெட் போடலாம் என்று பதில் வருகிறது. காடு இழந்தவன் எதிர்த்து நின்ற இடத்துக்கு நுழைவுக் கட்டணம். அந்த வசனத்தை அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், எனக்கு நெஞ்சை அடைத்தது. சங்கத்தின் பெரிய ஆட்களில் ஒருவனாக நேஜாவும் இந்தப் படத்தில் வருகிறான். அவனுடைய மூலம் குபேரனின் மகன் நளகூபரன், பௌத்த நூல்கள் வழியாகச் சீனா போனவன் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சாபத்தால் மருத மரமாகி நின்று, உரலை இழுத்துக்கொண்டு தவழ்ந்து வந்த கண்ணனால் விடுபட்டவனும் இதே நளகூபரன்தான். மரமானவனுக்கும் மரமாக இருந்தவனுக்கும் ஒரே படத்தில் இடம் கிடைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஆழ்வார் பாசுரங்களில் மருதமரக் கதையைப் படித்து வளர்ந்த நமக்கு அது சட்டென்று தட்டுப்படும்.

முதல் படம் சீனாவில் 31 கோடி யுவானுக்கு மேல் எடுத்தது. ஜப்பானில் சின்ன அளவில் தொடங்கி, வாய்வழியாகப் பரவி, 2020 நவம்பரில் ஜப்பானிய மொழியிலேயே குரல் கொடுத்துத் திரும்ப வெளியிடும் அளவுக்குப் போனது. கையால் வரையும் அனிமேஷனின் தாய்வீட்டுக்காரர்கள் அப்படி வரவேற்றார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை. இரண்டாவது படம் வேறு மாதிரி. சங்கத்தின் கிளை ஒன்று தாக்கப்படுகிறது, பழி வூஷியான் மேல் விழுகிறது, ஷியாவ்ஹே வூஷியானின் மூத்த சீடரும் தனக்கு அக்காள் முறையுமான லூயேயோடு உண்மையைத் தேடிப் போகிறான். அரசியல் கூடியிருக்கிறது, நகைச்சுவை குறைந்திருக்கிறது. எனக்கு முதலாவதுதான் ஒருபடி மேல்.

ஆகவே பார்க்கப்போகிறவர்களிடம் என் வேண்டுகோள், தொடரிலிருந்து தொடங்குங்கள். ஒரே மூச்சில் பார்த்து முடிக்க வேண்டாம், சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்றிரண்டு என்று போதும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கூட உட்கார வையுங்கள், மொழி தெரியாவிட்டாலும் ஹேஷியூவை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். குரல்மாற்றம் செய்த பிரதி கிடைத்தாலும் சீன மொழியிலேயே பாருங்கள், ஷியாவ்ஹேவுக்கு ஷான் ஷின் கொடுத்திருக்கும் குரலை இழக்கக்கூடாது. அப்புறம் 2019 படம், அதற்குப் பிறகு 2025 படம். பார்த்துவிட்டு, தெப்பத்துப் பகுதி மெதுவாக இருந்ததா இல்லையா என்று இங்கேயே வந்து சொல்லுங்கள்.