ஸ்பென்சர் வாசல் வரைக்கும்

சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த ஸ்பென்சர் கடையின் பழைய சிவப்புக் கட்டடப் படம் இந்த வாரம் மறுபடியும் சுற்றுக்கு வந்திருக்கிறது. கோபுரம், வளைவு, வாசலில் நாலைந்து பழைய கார். கீழே வழக்கமான பெருமூச்சு: "இதைப் போய் இடித்துவிட்டு அந்த ஷாப்பிங் மாலைக் கட்டினார்களே!"

யாரும் ஆசைப்பட்டு இடிக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் தீப்பிடித்து எரிந்துபோனது. அதே இடத்தில் கட்டியதுதான் 1991-ல் திறந்த ஸ்பென்சர் பிளாசா.

கட்டடம் அழகுதான், யார் இல்லை என்றது? 1860-களில் டூரண்ட், ஸ்பென்சர் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் தொடங்கிய கடை. பிறகு யூஜின் ஓக்‌ஷாட் கைக்குப் போய், 1895-ல் கட்டடக் கலைஞர் போக்சன் வரைந்துகொடுத்த, இந்திய-இஸ்லாமிய பாணியும் ஐரோப்பிய பாணியும் கலந்த இந்தோ-சாரசெனிக் கட்டடத்துக்குக் குடிவந்தது. பக்கத்திலிருக்கும் கன்னிமரா ஓட்டல் அவர்களுடையது. ரயிலில் துரைமார்களுக்குச் சாப்பாடு போட்டது அவர்கள். சோடா அவர்கள் பெயரில். சுருட்டும் அவர்கள் பெயரில். அது திண்டுக்கல்லில் தயாரானது.

அந்தச் சுருட்டில் கொஞ்சம் என் தாத்தா உருட்டியது.

நாற்பதுகளில் திண்டுக்கல் ஸ்பென்சர் கம்பெனியில் அவர் சுருட்டு சுற்றினார். ஈரம் போட்டு வைத்த மேலிலையில் நடு நரம்பைக் கிழித்தெடுத்துப் பலகையில் விரிக்க வேண்டும். உள்ளிலையை வைத்து உருட்டி, நுனியில் பசை தொட்டு ஒட்டி, அடியைக் கத்தியால் நறுக்க வேண்டும். எனக்கு விவரம் தெரிந்தபோது அவர் அந்த வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரல் தானாகத் தொடையில் எதையோ உருட்டிக்கொண்டிருக்கும்.

ஐம்பதுகளில் ஒருதரம் மெட்ராஸ் வந்தவர், சுருட்டுப் பெட்டியின் மேல் பார்த்த பெயரைத் தேடிக்கொண்டு மவுண்ட் ரோட்டுக்குப் போயிருக்கிறார். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். உள்ளே விடவில்லையா என்று கேட்டால், "யாரும் தடுக்கல. நாந்தான் நுழையல" என்பார். அதற்கு மேல் அந்தக் கதையில் ஒன்றும் கிடையாது.

அதனால்தான் "நம்ம ஸ்பென்சர் போச்சே" என்று யாராவது எழுதும்போது எனக்குச் சட்டென்று ஒட்டுவதில்லை. அந்த "நம்ம"வில் யார் யார் இருந்தார்கள்? கிளப்புக்குப் போனவர்கள், கணக்கு வைத்துப் பொருள் வாங்கியவர்கள், அவர்களின் பேரன் பேத்திகள். அவர்களின் ஏக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஊருக்கே பொதுவான ஏக்கம் மாதிரி அது பேசப்படுவதில்தான் எனக்கு வருத்தம்.

எனக்கு மனசில் இருப்பது பிளாசாதான். அழகென்று சொல்ல மாட்டேன். மூன்று பகுதியாக, ஃபேஸ் ஃபேஸாகக் கட்டியது; முதல் ஃபேஸிலிருந்து மூன்றாவது ஃபேஸுக்குப் போகிற வழி கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. காஷ்மீர்க் கடைக்காரர்கள் வெள்ளைக்காரர்களை மட்டும் கூப்பிடுவார்கள், நம்மைப் பார்த்தால் கம்பளத்தை மடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் பஸ் பாஸை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழு மதியம் ஏசியில் சுற்றலாம். மியூசிக் வேர்ல்ட் பாட்டுக் கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றால் ஒருவரும் விரட்ட மாட்டார்கள். ஒன்றும் வாங்காமல் திரிய எங்கள் செட்டுக்கு வேறு இடம் ஏது?

இப்போது பாதி ஷட்டர் மூடிக் கிடக்கிறது. 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. பழைய கட்டடத்துக்கு நூறு பதிவு போடுகிறவர்கள் இதற்கு ஒன்று போட்டு நான் பார்த்ததில்லை.

1994-ல் கல்லூரி முதல் வருடம் படித்தபோது தாத்தாவை அங்கே கூட்டிப்போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். "இங்கெல்லாம் போட்டுக்கலாம் தாத்தா" என்றேன். கேட்கவில்லை. எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று என் பையில் போட்டுக்கொண்டேன். யார் பார்க்கிறார்களோ என்று எனக்கு ஒரே கூச்சம், இப்போது நினைத்தால் அந்தக் கூச்சம்தான் கூச்சமாக இருக்கிறது. வெறுங்காலோடு, ஏசிக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தார். எஸ்கலேட்டர் மட்டும் வேண்டாமென்று படியில் ஏறினார்.

"சுருட்டு எங்கடா வச்சிருக்கான்?"

நாலு கடையில் விசாரித்தேன். சிகரெட் இருந்தது, சுருட்டு இல்லை. வெளியே வந்து பெட்டிக்கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பற்ற வைக்கவில்லை. இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார்.

"சுத்தத் தெரியாதவன் சுத்தியிருக்கான்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.