காலியிடம் கணினி தந்ததல்ல

"இசைத்தட்டு விளம்பரத்தில் பக்கத்தைக் காலியாக விடுவது, கணினி வந்தபின் செலவைக் குறைக்கப் பிறந்த பழக்கம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இதழ்கள் இடத்துக்குத்தான் கட்டணம் வாங்குகின்றன. நான்கு சொல் போட்டாலும் நானூறு போட்டாலும் முழுப்பக்கத்துக்கு ஒரே விலை. வண்ணத்தைக் கைவிட்டால் மிச்சமாகும், அது வேறு கதை.

பக்கத்தின் பெரும்பகுதியை வெறுமையாக விட்ட ஃபோக்ஸ்வேகன் கார் விளம்பரம் 1959இல் வந்தது. 1968இல் பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் இசைத்தட்டுக்கு ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் வெள்ளை உறை வடிவமைத்தார். குழுவின் பெயர்கூட மையின்றிப் புடைப்பாக மட்டும். அப்போது வடிவமைப்பாளர் மேசையில் கணினி ஏது?

நம் சென்னைப் பத்திரிகைகளில் வந்த கேசட் விளம்பரங்களில் எழுத்து நெருக்கியடித்ததற்குக் காரணம், என் கணிப்பில், பாடல் பட்டியலைப் பார்த்துத்தான் கடைக்கு வருவார்கள் என்ற வியாபாரக் கணக்கு.