கறிவேப்பிலையை வெளியே வைப்பதற்கு முன்

குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் இருந்த செடிகளை மே மாதம் பிறந்ததும் தோட்டத்துக்கு மாற்றிவிடலாம் என்று செடி வளர்ப்பு பற்றிய கட்டுரை ஒன்றில் படித்த யோசனை, டொராண்டோ போன்ற குளிர் ஊர்களில் கறிவேப்பிலைக்குப் பொருந்தாது. பகல் வெயிலைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இங்கே மே நடுப்பகுதியிலும் இரவில் உறைபனி விழக்கூடும் என்பதால், இரவு வெப்பநிலை தொடர்ந்து 10 பாகை செல்சியசுக்கு மேல் நிற்கும்வரை, அதாவது பெரும்பாலும் மே இறுதி அல்லது ஜூன் தொடக்கம்வரை, பொறுத்திருப்பதே நல்லது. இதைவிட முக்கியமானது, அந்தக் கட்டுரை தொடாமல் விட்ட வெயில் விஷயம். சன்னல் கண்ணாடி வழியே வந்த ஒளியில் துளிர்த்த இலைகளால் நேரடி வெயிலைத் தாங்க முடியாது. ஒரே நண்பகலில் இலையின் நடுவே வெளிறிய திட்டுகள் தோன்றி, பிறகு பழுப்பாகிக் காகிதம்போல் உலர்ந்துவிடும், அந்த இடம் மீண்டும் பச்சையாகாது. ஆகவே முதல் சில நாள்கள் காற்று அதிகம் படாத நிழலிலும், அதன்பின் காலை வெயிலிலும் வைத்து, ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாக முழு வெயிலுக்குப் பழக்க வேண்டும். செப்டம்பரில் உள்ளே எடுக்கும்போது இலைகளின் அடிப்பக்கத்தைத் தயவுசெய்து நன்றாகக் கழுவுங்கள். அங்கே ஒளிந்திருக்கும் சிலந்திப்பேன், ஹீட்டரின் வறண்ட சூட்டில் மளமளவென்று பெருகிவிடும்.