“எந்தப் படத்துல வர்றார்?”
நேற்று திருவாரூர் கடைத்தெருவில் கடை திறக்க ஒரு நடிகர் வந்தார். பேருந்து முக்கால் மணி நேரம் நகரவில்லை. பக்கத்து இருக்கைத் தம்பி ஜன்னல் வழியே செல்போனை நீட்டிக்கொண்டே, அவர் என்ன கார் வைத்திருக்கிறார், காலையில் என்ன சாப்பிடுவார் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். சரி, நெல் ஜெயராமனைத் தெரியுமா தம்பி என்று கேட்டேன்.

“அவர் எந்தப் படத்துல வர்றார்?”

வயிறு எரிந்தது. இதோ, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மனுஷர். 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். 2 கிலோ விதைநெல் கொடுப்பார். அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொல்வார், இன்னும் பல வயல்களுக்குப் போகட்டும் என்று. 2018-இல் புற்றுநோய் கொண்டுபோனது. தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை, நாம் யார் சொல்லிக் கொடுத்தோம்? அவன் மடியில் இருந்த பையில், பாரம்பரிய நெல் ரகமான மாப்பிள்ளைச் சம்பா அவல்.