தன் கட்டுரையைத் தானே பகிரக்கூடாதா?

ஆய்வுக் கட்டுரையை ‘இணையத்தில் முன்பே போட்டால் இதழ் நிராகரிக்கும், வெளிவந்த பிறகு போட்டால் பதிப்புரிமை மீறல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி பெரும்பாலும் தவறு. இதழில் வெளிவரும் முன்பே கட்டுரைகளை (முன்வரைவுகளை) பொதுவில் வைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளம் 1991-லிருந்தே இயங்குகிறது. நேச்சர், சயின்ஸ் இதழ்களே முன்வரைவுகளை ஏற்கின்றன. விதிவிலக்கான இதழ்களும் உண்டு என்பதால் அனுப்பும் முன் அவற்றின் கொள்கையைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவதில் எந்தப் படி என்பதுதான் கேள்வி. பதிப்பாளர் வடிவமைத்த இறுதி பிடிஎஃப் என்றால், யாரும் பகிரலாம் என்ற திறந்த உரிமம் இல்லாதபோது நீங்கள் சொல்வது பொதுவாகச் சரி. எல்சவியர் பதிப்பகமும் இதழ்கள் வெளியிடும் அமெரிக்க வேதியியல் கழகமும் 2017-ல், ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பகிரும் ரிசர்ச்கேட் தளத்தின் மீது வழக்குப் போட்டதே இப்படிப்பட்ட பகிர்வுக்காகத்தான். ஆனால் மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட உங்கள் வேர்டு கோப்பு வேறு. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் அதை வைக்கப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. பெரும்பாலும் 6 முதல் 24 மாதம் காத்திருக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே பல நேரம் இது எழுதியிருக்கும் (யார் படிக்கிறார்கள்!).