தொடாதே, தட்டாதே, சோறு போடாதே

(சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு, பத்தாவது மாடி. இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது. ராஜு மின்விசிறிக்கு அடியில் சட்டையில்லாமல் சாய்ந்திருக்கிறார். கனகா கைத்தொலைபேசியை மூக்குக்கு நேரே பிடித்துப் படிக்கிறார். இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில் வேலை பார்க்கும் இவர்கள் மகள் ஒரு குட்டிச் சோளப் பாம்பு வாங்கியிருக்கிறாள். அழுகை, கோபம், குலதெய்வத்திடம் முறையீடு எல்லாம் நேற்றே முடிந்தன. இன்று நிர்வாகப் பிரச்சினைகள்.)

கனகா: ஏங்க, வந்ததிலிருந்து அது ஒன்றுமே சாப்பிடவில்லையாம்.

ராஜு: சாப்பிடவில்லையா, அவள் போடவில்லையா?

கனகா: போடவே இல்லையாம்! கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குச் சாப்பாடு போடாதே, கையில் எடுக்காதே, கண்ணாடியைத் தட்டாதே என்று. அது வீடா, சாங்கி சிறையா?

ராஜு: புது இடம், புது வாசனை. மிரண்டு போயிருக்கும். மிரட்சியில் விழுங்கினால் கக்கிவிடும். கொஞ்ச நாள் தனியாக விட்டால் தானே தெளியும்.

கனகா: செருப்பைக் கழற்றுவதற்குள் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்கிற குடும்பம் நம்முடையது. இவள் ஒரு வாயில்லா ஜீவனைக் கூட்டிவந்து பட்டினி போடுகிறாள்.

ராஜு: அதற்கு வாய் இருக்கிறது கனகா. எனக்குக் கவலையே அதுதான்.

கனகா: கடிக்குமா?

ராஜு: கடித்தாலும் விஷம் கிடையாது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்துப் பாம்பு அது. எலியைச் சுற்றி இறுக்கித்தான் தின்னும். இப்போது பென்சில் கனம்தான். வளர்ந்தால் நான்கு, ஐந்து அடி வரும்.

கனகா: நேற்று 'பாம்பா!' என்று நாற்காலி மேல் ஏறினவர், இன்று பேராசிரியர் மாதிரி பேசுகிறீர்களே.

ராஜு: ராத்திரி தூக்கம் வரவில்லை. யூடியூப் பார்த்தேன்.

கனகா: எத்தனை வருஷம் இருக்கும்?

ராஜு: நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருஷம்.

கனகா: ஐயோ, அப்படியென்றால் கல்யாணத்துக்கும் கூடவே வருமே! மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது?

ராஜு: பெண்ணோடு ஒரு பாம்பும் வரும் என்று சொல். சீர்வரிசையைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள்.

கனகா: பேசாமல் அதை இங்கே கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடவாவது செய்யும்.

ராஜு: மெதுவாகப் பேசு, பக்கத்து வீட்டில் கேட்கப்போகிறது. சிங்கப்பூரில் பாம்பு வளர்ப்பது சட்டவிரோதம். தேசியப் பூங்காக் கழகம் விட்டுவைத்திருப்பது சிவப்புக் காது ஆமை, துறவி நண்டு என்று ஏதோ சிலதைத்தான். வீவக வீட்டில் பூனைக்கே 2024 செப்டம்பரில்தான் வழி பிறந்தது. அதுவரை எதிர்வீட்டு அம்மா எத்தனை வருஷம் ஜன்னல் திரையை இழுத்து மூடியே வைத்திருந்தார்!

கனகா: கால்வாயில் மட்டும் மலைப்பாம்பு நெளியலாமா?

ராஜு: அதை யாரும் வளர்க்கவில்லையே. அது தன் சொந்த ஊரில் குடியிருக்கிறது.

கனகா: (மீண்டும் கைத்தொலைபேசியைப் பார்த்து) சரி, கேளுங்கள். தொட்டியில் ஒரு பக்கம் 28லிருந்து 30 டிகிரி சூடாம். இன்னொரு பக்கம் 22, 24தானாம். நான் ஏர்கானை 24இல் வைத்தால் மின்கட்டணம் என்று கத்துகிறீர்கள். உங்கள் பெண் பாம்புக்கு வைக்கிறாள்.

ராஜு: அதற்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. குளிர்ந்தால் இந்தப் பக்கம் வரும், சுட்டால் அந்தப் பக்கம் போகும். சூட்டுப் பலகைக்குத் தெர்மோஸ்டாட் மாட்டியிருக்கிறாளா என்று கேள். இல்லாவிட்டால் வயிறு வெந்துபோகும்.

கனகா: மாட்டியிருக்கிறாளாம். அப்புறம், ஒளிந்துகொள்ளக் குகை மாதிரி இரண்டு. சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒரு பாம்புக்கு எதற்கு இரண்டு வீடு? இங்கேயாக இருந்தால் இரண்டாவது வீட்டுக்கு 20 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி தீட்டியிருப்பார்கள்.

ராஜு: ஒன்றுதான் இருக்கிறதென்றால், குளிரில் நடுங்கினாலும் அதற்குள்ளேயே சுருண்டு கிடக்கும். வெளியே வரப் பயம். இரண்டு பக்கமும் இருந்தால்தான் தைரியமாக இடம் மாறும். அதுவும் விசாலமாக இருக்கக்கூடாது, உடம்பு நாலு பக்கமும் உரசவேண்டும். (பெருமூச்சு விடுகிறார்) எனக்கும் அப்படி ஒன்று கொடுத்திருக்கலாம்.

கனகா: உங்களுக்கு எதற்கு?

ராஜு: கல்யாணம் முடிந்து உங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே கால் வைத்ததும் உன் அத்தைகள் வரிசையாக வந்து கன்னத்தைக் கிள்ளினார்கள். சித்தப்பா முதுகில் ஒரு தட்டு தட்டி, சம்பளம் எவ்வளவு என்றார். கேசரி வந்தது. தின்றேன். வடை வந்தது. தின்றேன். 'மாப்பிள்ளை கூச்சப்படுகிறார்' என்று சொல்லி, மூடியிருந்த என் கைக்கு மேலேயே பிரியாணியைக் கொட்டினார்கள். ராத்திரி என்ன ஆயிற்று?

கனகா: (தயங்கி) கக்கிவிட்டீர்கள்.

ராஜு: கக்கினேன். அதற்கும் விட்டார்களா? கண்ணேறு பட்டுவிட்டது என்று சுற்றிப்போட்டு, மறுபடியும் கேசரி. 'ஒரு வாரம் தொடாதீர்கள்' என்று என்னைப் பற்றி ஒருவரும் எழுதி அனுப்பவில்லை.

கனகா: இப்போதுதான் தினமும் செய்தித்தாளோடு கழிவறைக்குள் போய் ஒரு மணிநேரம் உட்காருகிறீர்களே.

ராஜு: அது குளிர்ந்த பக்கம்.

கனகா: சாப்பாடு வேண்டாம், பாலாவது கொஞ்சம் ஊற்றச் சொல்லலாமா?

ராஜு: பாம்புக்குப் பால் சேராது. தண்ணீர் போதும். அதுவே முங்கிக் கிடக்கிற அளவுக்கு, கவிழாத கனமான கிண்ணத்தில்.

கனகா: அப்படியென்றால் நான் புற்றுக்கு ஊற்றிய பாலெல்லாம்?

ராஜு: எறும்பு குடித்திருக்கும். புண்ணியத்தில் குறை வராது. நீ மூடியைப் பற்றிக் கேள். நான்கு மூலையிலும் கிளிப் போட்டிருக்கிறாளா? ஒரு சந்து கிடைத்தால் போதும், இந்தப் பாம்பு நழுவிவிடும்.

கனகா: போட்டிருக்கிறாளாம். மேலே இரண்டு தடிப் புத்தகம் வேறு வைத்திருக்கிறாளாம். படிப்பு வீண்போகவில்லை. சரி, ஒரு வாரம் முடிந்ததும் என்ன போடுவாள்?

ராஜு: எலிக்குஞ்சு. ரோமம் முளைக்காதது. ஐந்து, ஏழு நாளுக்கு ஒன்று போதும். தின்ற பிறகு இரண்டு நாளைக்கு அதைத் தூக்கக்கூடாது.

கனகா: உயிரோடா!

ராஜு: சேச்சே. உறையவைத்தே விற்கிறார்கள்.

கனகா: (கைத்தொலைபேசியைக் கீழே வைக்கிறார்) உறையவைத்து... எங்கே வைப்பாள்?

ராஜு: ஃப்ரீசரில்தான்.

கனகா: அவளிடம் இருப்பது ஒரே ஃப்ரீசர்! அதில்தான் நான் அரைத்துக் கொடுத்த ரெம்பா மசாலா இருக்கிறது!

ராஜு: தனி டப்பாவில் மூடித்தான் வைப்பாள். வேண்டும்போது ஒன்றை எடுத்து, வெந்நீரில் இளகவைத்து, இடுக்கியால் பிடித்து நீட்டுவாள். மைக்ரோவேவில் மட்டும் வைக்கக்கூடாது, வெடித்துவிடும். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவினால் வேலை முடிந்தது.

கனகா: வெந்நீர் எதில்?

ராஜு: ஏதாவது ஒரு கிண்ணத்தில்.

கனகா: ஏதாவது ஒரு கிண்ணமா? அங்கே இருப்பதெல்லாம் தேக்காக் கடைகளில் நான் பார்த்துப் பார்த்து வாங்கிப் பெயர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர்!

ராஜு: கனகா, அங்கே இன்னும் வேலை நேரம். கூப்பிடாதே.

கனகா: (கூப்பிட்டுவிட்டார்) ஹலோ, அம்மாதான். கூட்டத்தில் இருக்கிறாயா? இருக்கட்டும், காதில் மட்டும் வாங்கு. குட்டி எப்படி இருக்கிறது? உள்ளேயே படுத்திருக்கிறதா? படுக்கட்டும், தொடாதே. ஒரு வாரம் என்ன, பத்து நாள்கூடப் பட்டினி போடு, அவசரமே இல்லை. எலிக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வாங்கு, அதைச் சமையலறைப் பக்கமே கொண்டுவராதே. என்னது... ஏற்கனவே ஒன்றை ஒதுக்கிவைத்துவிட்டாயா? எதை? எவர்சில்வரா! திருப்பிப் பார், அடியில் யார் பெயர் வெட்டியிருக்கிறது?

(நீண்ட மௌனம். ராஜு நிமிர்ந்து உட்காருகிறார்.)

கனகா: அப்பா பெயரா? சரி, சரி. அப்படியென்றால் பரவாயில்லை.