எங்கள் பட்ச்சில் எத்தனை பேர்?

நல்லூர்க் கோயில் கொடியேற்றத் திகதி தெரிந்ததும் எங்கள் யாழ்ப்பாணக் கம்பஸ் பட்ச்சின் வட்ஸ்அப் குழுவுக்கு உயிர் வந்துவிடும். அதுவரை காலை வணக்கமும் பிறந்தநாள் கேக்கும்தான். கனடாக்காரரும் லண்டன்காரரும் ரிக்கெற் போட்டாச்சு என்று அறிவிப்பார்கள். ஊரில் இருக்கிற நாங்கள் மண்டபம் தேடி ஓட வேண்டும். ஒன்றுகூடலுக்கு நாள் குறிக்கிறவர் வேறு, கதிரை அடுக்குகிறவர் வேறு. சரி, அதில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை.

இந்த முறை ஸ்காபரோவில் இருக்கும் நண்பர் ஓர் எக்செல் தாள் அனுப்பினார். பெயர், தொழில், நாடு, பிள்ளைகள், ரீசேட் அளவு. இரண்டு நாளில் 58 பேரும் நிரப்பிவிட்டோம்.

கலைப்பீடம் முடித்தவர்களுக்கு ஊர் வைத்திருக்கும் தொழில் இரண்டுதான்: ஒன்று வாத்தியார், மற்றது கச்சேரி, அதாவது அரச செயலக வேலை. எங்கள் தாளும் அப்படித்தான் இருந்தது. ஆசிரியர், ஆசிரியர், அபிவிருத்தி உத்தியோகத்தர், ஆசிரியர், கிராம உத்தியோகத்தர். அந்த வேலை கிடைக்கும்வரை சும்மா இருந்த வருடங்களுக்கு அதில் இடம் இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்த பட்டதாரிகள் 2017 இல் யாழ் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலை கேட்டு மாதக்கணக்கில் குந்தியிருந்தார்கள். அப்போது வேலையில் இருந்த நாங்கள் அந்த வழியால் மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினோம். பாரிஸில் இருப்பவர் 'தனியார் துறை' என்று எழுதியிருந்தார். லாச்சப்பலில் ஓர் உணவகத்தின் குசினியில் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் காசு அனுப்புகிறவரும் அவர்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த 58 ஐப் பற்றி. அது பட்டமளிப்புப் படத்தைப் பார்த்து எடுத்த கணக்கு. முதலாம் வருடம் நாங்கள் 70 பேருக்கு மேல்.

2006 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. முகமாலையில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்தை வன்னியோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டது. பரமேஸ்வராச் சந்திக்குப் பக்கத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் முதல்நாள்தான் பரந்தனுக்கு, வீட்டுக்குப் போயிருந்தான். பரந்தன் வன்னிப் பக்கம். திங்கள் வருகிறேன் என்று சொல்லி சைக்கிளையும் நோட்ஸ் கொப்பிகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனான். அந்தத் திங்கள் வரவே இல்லை. அவன் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். எங்களுக்கு ஊரடங்கு, பிறகு திருகோணமலைக்குக் கப்பல், மூடித் திறந்த கம்பஸ், இழுத்து இழுத்து ஒரு சோதனை. அவனுக்கு இடப்பெயர்வு, கடைசிச் சண்டை நடந்த மாத்தளன், பிறகு மெனிக் பாம் முகாம். வெளியே வந்தபோது திரும்பிப் படிக்கிற நிலையில் அவன் இல்லை. வீட்டில் உழைக்க வேறு ஆளும் மிஞ்சவில்லை. இப்போது இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறான்.

அவனையும் சேர்ப்போம் என்று குழுவில் எழுதினேன். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பதில்: "அவர் பாஸ்அவுட் ஆகேல்லையே மச்சான்." கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

ரீசேட்டில் என்ன அடிக்கப் போகிறோம்? '2002/2003 அணி.' அது நாங்கள் உள்ளே வந்த கல்வியாண்டு. வெளியே போன வருடத்தை எந்த அணியும் ரீசேட்டில் அடிப்பதில்லை. அப்படியென்றால் முதல்நாள் ராக்கிங்குக்குப் பயந்து எங்களோடு மதிலோரம் ஒளிந்து நின்றவன் எப்படி வேறு பட்ச் ஆவான்?

இறந்தவர்களுக்கு ஒரு நிமிட மௌனம் வைக்கிறோம். நல்லது. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரும் எங்களில் இருக்கிறார். அவரை அந்த மௌனத்தில் சேர்க்க முடியாது. 2017 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்துக்கு மகனின் படத்தோடு போய் இருந்த அவரின் அம்மா அதற்குச் சம்மதிக்க மாட்டா. தாளில் அவர் பெயரை எழுதி, தொழிலையும் நாட்டையும் வெறுமையாக விடச் சொன்னேன். விட்டிருக்கிறார்கள்.

தலைக்கு 9,000 ரூபா ஹோட்டல் சாப்பாடு வேண்டாம், யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் ஒடியல் கூழ் காய்ச்சுவோம் என்றும் சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை. பிள்ளைகளுக்குக் கூழ் ஒத்துவராதாம்.

நேற்றுப் பரந்தனுக்குப் போன் எடுத்தேன். "நான் உங்கட பட்ச்சே இல்லையேடா" என்று சிரித்தான். ரீசேட் அளவு கேட்டேன். "லார்ஜ் போடு. சிறுபோக வெட்டு நேரம், மெசின் வாற நாளைப் பாத்துத்தான் வருவன்" என்றான். வைக்கப் போகும்போது, "அதுசரி, என்ர சைக்கிள் எங்க?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அதை விற்றுத்தான் பட்டமளிப்புக்குச் சப்பாத்து வாங்கினேன்.